வலிப்பு நோய்க்கு ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டால்: முன்னாள் படைவீரர்களுக்கான கேள்வி பதில்

கே: ஐயா, சர்வீஸில் வலிப்பு வந்து போர்டு அவுட் ஆனேன் (மெடிக்கல் போர்டு என்ற மருத்துவக் குழு பரிசோதித்து, நோயைக் காரணம் காட்டிப் பணியிலிருந்து அனுப்பிவிட்டது). ஊனம் 20 சதவீதம் என்று போட்டு, 'பணியால் வந்ததல்ல, பணியால் கூடியதுமல்ல, உடல்வாகு சார்ந்தது' என்று எழுதிவிட்டார்கள். எதிர்க்க வழி உண்டா?

ப: உண்டு. தரம்வீர் சிங் என்ற சிக்னல்ஸ் (ராணுவத் தகவல் தொடர்புப் பிரிவு) சிப்பாய்க்கும் இதே வலிப்பு, இதே 20 சதவீதம், இதே மறுப்பு. 2013-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஓய்வூதியம் தரச் சொன்னது. சேரும்போது நோய் குறிக்கப்படவில்லையென்றால் நல்ல உடல்நிலையில் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும். நோய் பணியால் வந்ததல்ல என்பதை மறுப்பவர்களே நிரூபிக்க வேண்டும். சேர்ப்புப் பரிசோதனையில் ஏன் தெரியாமல் போனது என்று போர்டு காரணம் எழுதவும் வேண்டும். ஆகவே தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதி, மெடிக்கல் போர்டு நகலையும் சேர்ப்பு மருத்துவ அறிக்கையையும் வாங்குங்கள். காரணப் பகுதியில் ஒற்றை வரி மட்டும் இருந்தால் அதுதான் உங்கள் முதல் வாதம். பலர் இந்த நகலைப் பார்க்காமலே மனு எழுதித் தோற்கிறார்கள். 21-9-2023-க்குப் பின் வெளிவந்தவர்களுக்குப் புது விதிகள். அவர்கள் இந்தத் தீர்ப்பை மட்டும் நம்பக் கூடாது.

கே: தலையில் அடிபட்டு நாலு வருடம் கழித்துத்தான் வலிப்பு வந்தது. இடைவெளி அதிகம் என்கிறார்களே?

ப: ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டியே, காயம் அல்லது தொற்றுக்குப் பின் 7 வருடம் வரை தாமதமாக வலிப்பு வரலாம் என்கிறது. காயம் பணியில் பட்டது என்பதற்கு விபத்து அறிக்கை, மருத்துவமனை டிஸ்சார்ஜ் குறிப்பு, ஸ்கேன் மூன்றையும் இணையுங்கள்.

கே: எங்கே, எத்தனை நாளில்?

ப: மறுப்புக் கடிதத்திலிருந்து 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் போனால் இரண்டாவது. பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். தமிழ்நாட்டுக்குச் சென்னை அமர்வு. மேல்முறையீட்டுக்கு 6 மாதம் பதிலே வராவிட்டாலும் அங்கே போகலாம்.

கே: பத்து வருடம் ஓடிவிட்டது.

ப: ஓய்வூதியம் மாதாமாதம் எழும் உரிமை. தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போடுங்கள். ஆனால் நிலுவை பல வழக்குகளில் வழக்குக்கு முந்தைய 3 வருடத்துக்குத்தான் கிடைத்திருக்கிறது.

கே: 20 சதவீதத்துக்கு என்ன கிடைக்கும்?

ப: பழைய விதிகளில் அது 50 ஆக உயர்த்தப்படும். 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். 50-க்கு அதில் பாதி. மனுவிலேயே இந்த உயர்த்தலையும் கேளுங்கள். கேட்காமல் விட்டு, இன்னொரு வழக்குப் போட்டவர்கள் உண்டு.

கே: என் ஃபைலில் 'மதுப்பழக்கம்' என்று இருக்கிறது.

ப: இதுதான் கடினம். மதுவால் வந்த ஊனத்துக்கு விதி இடம் தராது. அந்தக் குறிப்பு எந்தப் பரிசோதனையின் மேல் எழுதப்பட்டது என்று பாருங்கள். ஆதாரமில்லாத வார்த்தை என்றால், நரம்பியல் நிபுணரின் எழுத்துப்பூர்வக் கருத்தை ஸ்கேன், இ.இ.ஜி. (மூளை மின் அலைப் பதிவு) இவற்றோடு முதல் மேல்முறையீட்டிலேயே சேருங்கள்.