அச்சகம் திவால்: சம்பளப் பாக்கி என்ன ஆகும்?

கேள்வி: நான் வேலை பார்க்கும் ஆப்செட் அச்சகத்தின் மீதான திவால் மனு ஏற்கப்பட்டுவிட்டது. ஐந்து மாதச் சம்பளம் பாக்கி. ‘ராஜினாமா எழுதிக் கொடுங்கள், கணக்கை முடித்துவிடலாம்’ என்கிறார் மேனேஜர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கம்பெனி மூடப்பட்டால் தொழிலாளிக்கு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாக உண்டு. தானே விலகியவருக்கு அது கிடையாது. தவிர, மனு ஏற்கப்பட்டதுமே நிர்வாகம் முதலாளி கையைவிட்டுப் போய்விட்டது. உங்கள் பழைய பாக்கியை மட்டும் தனியாகத் தீர்க்க மேனேஜருக்கு அதிகாரமில்லை.

இனி உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர், தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் நியமித்த, நிர்வாகத்தைக் கையில் எடுத்திருக்கும் இடைக்காலத் தீர்வு நிபுணர். அவர் நாளிதழில் கொடுக்கும் அறிவிப்பில் கடைசித் தேதி இருக்கும். அவர் நியமனத்திலிருந்து வெறும் 14 நாள். தனியாகக் கோருவதானால் படிவம் ‘டி’, எல்லோருக்குமாக ஒரு பிரதிநிதி கோரினால் படிவம் ‘இ’. சம்பளத்தை மட்டும் எழுதி நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஓவர்டைம், போனஸ், விடுப்புச் சம்பளம், கிராஜுவிட்டி எல்லாவற்றையும் மனு ஏற்கப்பட்ட தேதிவரை கணக்கிட்டுச் சேருங்கள்.

அதற்குப் பிறகும் அச்சகம் ஓடி, நீங்கள் வேலை செய்திருந்தால், அந்தச் சம்பளம் தனிக்கணக்கு. அது திவால் நடவடிக்கைச் செலவில் சேர்ந்து முதலிலேயே தரப்பட வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் உண்மையில் வேலை செய்ததை நிரூபிக்க வேண்டும். கேட் பூட்டப்பட்டால் பயோமெட்ரிக் பதிவு கைக்கு வராது. மிஷின் லாக் புக்கில் ஷிப்ட், ஜாப் எண், ஓடிய தாள் எண்ணிக்கை, உங்கள் கையெழுத்து உள்ள பக்கங்களை இன்றே செல்போனில் படமெடுத்து வையுங்கள்.

கேள்வி: நான் பைண்டிங் பிரிவு போர்மேன். நான் தொழிலாளியா, ஊழியரா? வித்தியாசம் உண்டா?

பதில்: கம்பெனி கலைக்கப்பட்டு, சொத்தை விற்றுப் பணம் பிரிக்கப்பட்டால் பெரிய வித்தியாசம். நடவடிக்கைச் செலவு போக, தொழிலாளியின் 24 மாதப் பாக்கி, பிணையை (அடமானச் சொத்தை) தானே விற்றுக்கொள்ளாமல் பொதுவில் விட்டுக்கொடுத்த வங்கியின் கடனுக்குச் சமமான வரிசையில் நிற்கும். மற்ற ஊழியருக்கு 12 மாதப் பாக்கிதான், அதுவும் அடுத்த வரிசையில். பதவிப் பெயர் முக்கியமில்லை. நாள்முழுக்கக் கட்டிங் மிஷினில் நின்றீர்களா, ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து லீவு கையெழுத்துப் போட்டீர்களா என்பதே கேள்வி.

கேள்வி: பி.எஃப். பணமும் கடன்காரர்களுக்குப் போய்விடுமா?

பதில்: போகாது. திவால் சட்டத்தின் 36-ஆம் பிரிவு அதைக் கலைப்புச் சொத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. பாஸ்புக்கைப் பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் வரவு இல்லையென்றால், இரண்டின் நகலோடு பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுத்து, தீர்வு நிபுணருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.