ஹீமோகுளோபின் 12.1 இருந்தும் எனக்கு மூச்சு வாங்கியது

‘ஹீமோகுளோபின் நார்மல் என்கிறார்கள், ஆனாலும் நாள் முழுக்க அசதி, இது இரத்தசோகையா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களையும் யாரோ சோம்பேறி என்று சொல்லியிருப்பார்கள். என்னை இரண்டு வருடம் சொன்னார்கள்.

எனக்கு 12.1. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே, ஆணுக்கு 13-க்குக் கீழே போனால்தான் இரத்தசோகை என்பது கணக்கு. அதனால் மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, நன்றாகத் தூங்குங்கள் என்று அனுப்பிவிட்டார். எனக்கோ ஒரு மாடி ஏறினாலே நெஞ்சு படபடக்கும், சீப்பு நிறைய முடி வரும், அப்புறம் அந்த ஐஸ். ராத்திரி எழுந்து ஃப்ரீசரில் ஒட்டியிருக்கும் கட்டியைக் கரண்டியால் பெயர்த்து, பல் கூசக் கூசக் கடித்துத் தின்பேன். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. வேறொரு மருத்துவர்தான் “ஐஸ், மண் மாதிரி எதையாவது தின்னத் தோன்றுகிறதா?” என்று கேட்டார். ஒருவர் கேட்டதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரும்புச்சத்து குறைந்தால் அப்படித் தோன்றுமாம். ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னார். 6 இருந்தது. உடம்பில் எவ்வளவு இரும்புச்சத்து கையிருப்பு இருக்கிறது என்று காட்டுவது அதுதான். 15-க்குக் கீழே போனால் கையிருப்பு காலி, 30-க்குக் கீழேயே குறைவு என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. முதலில் இது கரையும், ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். அப்படியானால் உனக்கு இருந்தது இரத்தசோகையே இல்லை, அதற்கு முந்தைய கட்டம் என்று யாராவது திருத்த வருவீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் மூச்சு வாங்கியது உண்மை.

எல்லா அசதிக்கும் இரும்புதான் காரணம் என்றும் சொல்லவில்லை. தைராய்டாக இருக்கலாம். வைட்டமின் பி12 குறைவாகவும் இருக்கலாம், அதில் சிவப்பணு பெருத்து, ரிப்போர்ட்டில் அதன் சராசரி அளவைக் காட்டும் எம்.சி.வி. 100-ஐத் தாண்டும். இரும்பு குறைந்தால் சிறுத்து 80-க்குக் கீழே வரும். ஆனால் பரம்பரையாக வரும் தலசீமியா என்ற இரத்த நோயிலும் அப்படித்தான் சிறுக்கும், அதனால் பரிசோதிக்காமல் நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

இரும்பு எங்கே போகிறது என்றும் தேட வேண்டும். எனக்கு கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு என்ற கட்டி, மாதவிடாயில் அவ்வளவு இரத்தம் போவது சாதாரணம் என்று நினைத்திருந்தேன். ஆணுக்கோ மாதவிடாய் நின்றவருக்கோ இரும்பு குறைந்தால் வயிற்றிலோ குடலிலோ இரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன்: அந்த இரண்டு வருடமும் நான் பார்த்தது நாள் முழுக்க நிற்கும் வேலை. ஒரு ஸ்டூல் கேட்டேன். வாடிக்கையாளர் முன்னால் உட்காரக் கூடாது என்றார்கள். உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும்?

இரும்பு மாத்திரை தொடங்கிய இரண்டாவது வாரத்தில் ஐஸ் ஆசை நின்றது. மலம் கறுப்பாகப் போனதும் பயந்துவிட்டேன், அது மாத்திரையால்தான் என்றார்கள். நாலு மாதம் கழித்துப் பார்த்தபோது ஃபெரிட்டின் 41.