வாசகர் கேள்வி, வழக்கறிஞர் பதில்: புதுச் சட்டம் எந்தத் தேதியிலிருந்து அமல்?

கேள்வி: "சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது" என்று டிவியில் சொல்கிறார்கள். அப்படியென்றால் மறுநாளே அது சட்டமா? தொழிற்சாலையில் 12 மணி நேர வேலை என்று ஒரு மசோதா வந்தபோது எங்கள் கம்பெனியில் பெரிய குழப்பமே நடந்தது.
- வாசகர், ஓசூர்

பதில்: இல்லை. அவையில் நிறைவேறிய பிறகும் அது மசோதாதான். அரசியல் சாசனத்தின் 200-வது பிரிவுப்படி ஆளுநரிடம் போக வேண்டும். அவர் ஒப்புதல் தரலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். பண மசோதாவைத் தவிர மற்றவற்றை ஒப்புதல் தராமல் நிறுத்திவைத்து, மறுபரிசீலனைக்குத் திருப்பியும் அனுப்பலாம். ஒப்புதல் கிடைத்து, அது அரசிதழில் வந்து, நடைமுறைக்கு வரும் தேதியும் பிறந்த பிறகுதான் அந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தும்.

நீங்கள் சொன்ன மசோதா இதற்கு நல்ல உதாரணம். தொழிற்சாலைகள் சட்டத்துக்கான அந்தத் தமிழ்நாடு திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று அவையில் நிறைவேறியது. மூன்றே நாளில் அரசே அதை நிறுத்திவைத்தது. மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். ஒருநாள்கூட அது சட்டமாக இருந்ததில்லை. "சட்டமே வந்துவிட்டது" என்று யாராவது அப்போது உங்களிடம் கையெழுத்து கேட்டிருந்தால், அந்தத் தாளுக்குப் பின்னால் எந்தச் சட்டமும் இருந்திருக்காது.

கேள்வி: ஒரு சட்டம் எந்தத் தேதியிலிருந்து அமல் என்பதை நானே எப்படிப் பார்த்துக்கொள்வது? ஆளுக்கு ஒரு தேதி சொல்கிறார்கள்.
- வாசகி, திருச்சி

பதில்: சட்டத்தின் பிரதியை எடுத்து முதல் பிரிவைப் படியுங்கள். தலைப்பு, எந்தப் பகுதிக்குப் பொருந்தும், எப்போது நடைமுறைக்கு வரும் ஆகிய மூன்றும் அங்கேதான் இருக்கும். தேதியைப் பெரும்பாலும் (2) அல்லது (3) என்ற உட்பிரிவு சொல்லும். அந்த வரி நான்கு வகையில் ஒன்றாக இருக்கும்: "உடனடியாக நடைமுறைக்கு வரும்", குறிப்பிட்ட ஒரு தேதி, கடந்துபோன ஒரு தேதியைச் சொல்லி "அன்று நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படும்", "மாநில அரசு அறிவிக்கை வாயிலாகக் குறிக்கும் தேதியில் நடைமுறைக்கு வரும்".

மக்கள் ஏமாறுவது நான்காவதில்தான். சட்டம் அச்சாகி, எண் பெற்று, கையில் இருக்கும். ஆனால் அரசு தனியாக இன்னொரு அறிவிக்கை வெளியிடும்வரை அதற்கு உயிர் இல்லை. தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2017-ம் ஆண்டின் 42-வது சட்டம். அது நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22 அன்று. இடைப்பட்ட காலத்தில் அதைக் காட்டி யாரும் யாரையும் காலி செய்யச் சொல்லியிருக்க முடியாது. அதுவரை ஓடியது 1960-ம் ஆண்டுச் சட்டம்.

முதல் பிரிவு தேதியைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால், 1891-ல் இயற்றிய மெட்ராஸ் ஜெனரல் கிளாசஸ் ஆக்ட் (இப்போது தமிழ்நாடு பொதுக்கூறுகள் சட்டம்) கைகொடுக்கும். ஒப்புதல் முதன்முதலாக அரசிதழில் வெளியாகும் நாளே நடைமுறைக்கு வரும் நாள் என்கிறது அதன் 5-வது பிரிவு. நாடாளுமன்றச் சட்டங்களுக்குக் கணக்கு வேறு. அங்கே குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த நாளே தொடக்கம். கோச்சிங் நோட்ஸ்களில் இந்த இரண்டும் சேர்ந்து குழம்பிக் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறோம்.

நேரம் எப்போது என்றும் கேட்பீர்கள். முந்தைய நாள் முடிந்த கணம், அதாவது நள்ளிரவு 12 மணி. அலுவலகம் திறக்கும் 10 மணி அல்ல.

கேள்வி: அரசிதழில் எங்கே தேடுவது?
- அதே வாசகி

பதில்: எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். வாராந்திர இதழ் புதன்கிழமை வரும். அவசரமானவை எந்த நாளிலும் சிறப்பு வெளியீடாக வரும். பகுதி நான்கு, பிரிவு 1-ல் மசோதாக்கள். பிரிவு 2-ல் சட்டங்களும் அவசரச் சட்டங்களும். பிரிவு 1-ல் இருப்பதைப் பார்த்துவிட்டு "கெசட்டிலேயே வந்துவிட்டது" என்று சொல்பவர்கள் உண்டு. அது மசோதா மட்டுமே.

சட்டம் அச்சான பக்கத்தின் தலைப்பில், "சட்டமன்றப் பேரவையின் பின்வரும் சட்டம் இன்ன தேதியில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது" என்று ஒரு வரி இருக்கும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் என்றால் அப்படியே எழுதியிருக்கும். அது ஒப்புதல் தேதி. பக்கத்தின் உச்சியில் இருப்பது வெளியான தேதி. நடைமுறைத் தேதி இவை இரண்டும் அல்லாமல் மூன்றாவதாகவும் இருக்கலாம் என்பதால், துறையின் அறிவிக்கையைத் தனியாகத் தேட வேண்டும். அதில் "மேற்படி சட்டத்தின் பிரிவு 1, உட்பிரிவு இன்னதன்படி" என்று தொடங்கித் தேதி வரும். "எல்லாப் பிரிவுகளும்" என்று இருக்கிறதா, சில பிரிவுகள் மட்டுமா என்பதையும் பாருங்கள். ஒரே சட்டத்தைத் துண்டு துண்டாக வெவ்வேறு தேதிகளில் கொண்டுவர முடியும்.

தலைப்பில் உள்ள ஆண்டை நம்பாதீர்கள். ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தின் பெயரில் 2022 என்று இருக்கும். சட்ட எண்ணோ 2023-ன் 9.

கேள்வி: அந்த ஆன்லைன் சூதாட்டத்துக்கு முதலில் அவசரச் சட்டம் வந்ததே, அது என்ன ஆயிற்று?
- வாசகர், மதுரை

பதில்: அரசியல் சாசனத்தின் 213-வது பிரிவின்படி அவை கூடாத காலத்தில் ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம். அவை மறுபடி கூடிய நாளிலிருந்து 6 வாரம் முடிந்தால் அது தானாகவே செத்துவிடும். இந்த அவசரச் சட்டத்துக்கு 2022 அக்டோபர் 1 அன்று ஒப்புதல் கிடைத்தது. அக்டோபர் 17-ல் அவை கூடியது, 19-ல் மசோதா நிறைவேறியது. ஆளுநரின் ஒப்புதல் வராமலே ஆறு வாரம் ஓடி, நவம்பர் இறுதியில் அவசரச் சட்டம் காலாவதியானது. வேடிக்கை என்னவென்றால், "அரசு குறிக்கும் தேதியில்" என்றே அதில் எழுதியிருந்தது; அந்தத் தேதியை அரசு குறிக்கவே இல்லை. பெயர் அவசரச் சட்டம், நடைமுறைக்கு வராமலே முடிந்தது. மசோதா திரும்பி வந்து, 2023 மார்ச் 23-ல் மறுபடி நிறைவேறி, ஏப்ரலில் ஒப்புதல் பெற்று, ஏப்ரல் 21 அன்று நடைமுறைக்கு வந்தது.

கேள்வி: வாடகை வீட்டு வழக்கு 2018-ல் போட்டது. புதுச் சட்டம் வந்ததால் வழக்கைப் புதிதாகப் போட வேண்டுமா? முன்தேதியிட்டு சட்டம் போட அரசுக்கு அதிகாரம் உண்டா?
- வாசகர், சென்னை

பதில்: வேண்டாம். பழைய சட்டத்தை ரத்து செய்யும் பிரிவிலேயே, நிலுவையில் உள்ள வழக்குகள் பழைய சட்டப்படியே தொடரும் என்ற பாதுகாப்பு வாசகம் உண்டு. புதிய வாடகைச் சட்டத்தில் அது 47-வது பிரிவு. எந்தச் சட்டம் மாறினாலும் முதல் பிரிவை அடுத்து நீங்கள் படிக்க வேண்டியது கடைசியில் இருக்கும் அந்த ரத்துப் பிரிவைத்தான்.

முன்தேதியிடும் அதிகாரம் உண்டு. வரி, சம்பளம், பதவி விஷயங்களில் அடிக்கடி நடக்கிறது. குற்றம், தண்டனை என்று வந்தால் மட்டும் அரசியல் சாசனத்தின் 20(1)-வது பிரிவு குறுக்கே நிற்கும். செய்த அன்று குற்றமாக இல்லாததற்குத் தண்டிக்க முடியாது. அன்று இருந்ததைவிடக் கூடுதல் தண்டனையும் தர முடியாது.

வெளியிடாத சட்டத்துக்கு மதிப்பே இல்லை என்பதையும் உச்ச நீதிமன்றம் 1951-லேயே சொல்லிவிட்டது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அமைச்சரவை 1923-ல் தீர்மானமாகப் போட்ட அபின் சட்டம் எங்கும் வெளியிடப்படவில்லை. அதன்படி ஹர்லா என்பவருக்கு விதித்த 50 ரூபாய் அபராதத்தை நீதிமன்றம் ரத்து செய்தது. ஊருக்குச் சொல்லாத சட்டத்தால் ஊரைத் தண்டிப்பது நியாயமில்லை என்பதே காரணம்.

கேள்வி: ஆளுநரோ அரசோ இழுத்தடித்தால் நீதிமன்றம் போக முடியுமா?
- வாசகி, கோவை

பதில்: இரண்டும் வெவ்வேறு கட்டங்கள். ஆளுநர் கட்டத்தில், தமிழ்நாட்டின் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகக் கருத வேண்டும் என்று 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மசோதாக்கள் மூன்று நாளில் சட்டங்களாக அரசிதழில் வந்தன. ஒப்புதல் தேதியாக, சட்டமன்றத்தில் அவை மீண்டும் நிறைவேறிய 2023 நவம்பர் 18 கொள்ளப்பட்டது. பிறகு 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குக் கருத்து சொல்கையில், கெடு விதிக்கவோ ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவோ முடியாது என்றது. காரணமில்லாமல் காலவரையின்றிக் கிடப்பில் போட்டால், ஏதாவது ஒரு முடிவை எடுக்கச் சொல்லலாம். அவ்வளவுதான்.

அரசு தேதி குறிக்காமல் இருந்தால், "இன்ன தேதியில் அமல்படுத்து" என்று நீதிமன்றம் கட்டளையிடாது. பரிசீலிக்கும்படி வேண்டுமானால் சொல்லும். 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30-வது பிரிவு, எங்கள் தொழில் உரிமையைச் சொல்லும் பிரிவு, 2011 ஜூன் 15 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. வழக்கறிஞர்களுக்கே ஐம்பது வருடம்!

ஆகவே முதலில் செலவில்லாத வழியைப் பாருங்கள். சம்பந்தப்பட்ட துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமை மனு போடுங்கள். "இந்தச் சட்டத்தின் எந்தெந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்துள்ளன? அறிவிக்கையின் எண், தேதி, அரசிதழ் பகுதி, பக்கம் என்ன? பிரதி தரவும்" என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் அமல்படுத்தவில்லை?" என்று எழுதினால், விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.