குக்கர் வெடித்தால் ரிவ்யூ போட்டால் போதுமா?

கேள்வி: இணையத்தில் 1,150 ரூபாய்க்கு வாங்கிய குக்கரின் மூடி மூன்றாம் மாதமே பிய்த்துக்கொண்டு பறந்து, மனைவியின் கை வெந்துவிட்டது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. ‘பணத்தைத் திருப்பித் தருகிறோம், ரிவ்யூ போடுங்கள், அதைப் பார்த்தால் வேறு யாரும் வாங்கமாட்டார்கள்’ என்கிறது விற்ற தளம். வேறு வழியே இல்லையா?
– வாசகர், திருப்பூர்

பதில்: இருக்கிறது. பணத்தை வாங்கும்போது ‘இத்துடன் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது’ என்ற வாசகத்துக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அதைக் காட்டியே கை வெந்ததற்கான இழப்பீட்டை மறுப்பார்கள்.

ரிவ்யூ வாதம் குக்கருக்குப் பொருந்தாது. பெட்டியைப் பிரித்த வாரத்தில் நட்சத்திரம் போடுகிறவருக்கு, பருப்பு நுரை வெயிட் துளையை அடைக்கும்போது சேஃப்டி வால்வு உருகி ஆவியை விடுமா என்று எப்படித் தெரியும்? அதனால்தான் 1.2.2021 முதல் ஐ.எஸ். 2347 என்ற இந்தியத் தரமும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லாத வீட்டுக் குக்கரை விற்கவே கூடாது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் இப்படி விற்ற 2,265 குக்கர்களைத் திரும்பப் பெறச் சொல்லி அமேசானுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அவற்றின் விற்பனையில் தளத்துக்குக் கிடைத்த கட்டணமோ 6 லட்சத்துக்கு மேல்! (நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது.) எப்படியும் அபராதம் உங்கள் கைக்கு வராது. இழப்பீட்டுக்கு நீங்கள்தான் வழக்குப் போட வேண்டும்.

குக்கரைக் கழுவாதீர்கள். மூடி, கேஸ்கெட், வெயிட், வால்வு நான்கையும் அப்படியே கவரில் போட்டு வையுங்கள். ‘துளையை அடைத்துவிட்டு அடுப்பில் வைத்தார்கள்’ என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். தவறாகப் பயன்படுத்தியது நிரூபணமானால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் 87-ம் பிரிவு விற்றவரைக் காப்பாற்றிவிடும். பில், விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு (ஏ.ஆர்.) காப்பி, சிகிச்சை ரசீதுகள் எல்லாம் வேண்டும். குக்கரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை போல ஏதாவது தென்பட்டால், அதன் கீழுள்ள சி.எம்/எல் எண்ணை (உரிம எண்) இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, விற்பனையாளரின் பெயர், முகவரி கேட்டுத் தளத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி தந்தாக வேண்டும். தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால், அதே நுகர்வோர் சட்டத்தின் 86-ம் பிரிவில் விற்றவரே பொறுப்பு. ‘நாங்கள் வெறும் இடைத்தளம்’ என்று தளம் சொல்லும். இருந்தாலும் அதையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனுவை நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். கட்டணம் பொருளின் விலையை வைத்துத்தான்; உங்களுடையது 1,150 ரூபாய்ப் பொருள் என்பதால் பல லட்சம் இழப்பீடு கேட்டாலும் உங்களுக்குக் கட்டணமில்லை. குக்கரை ஆய்வகத்துக்கு அனுப்பினால் அந்தச் செலவை மட்டும் முதலில் நீங்கள் கட்ட நேரும். காலக்கெடு 2 ஆண்டு. தளத்தோடு மெயிலில் பேசிக்கொண்டிருப்பதால் அது நீளாது.