ஆறாம் வகுப்பும் எதிர்வீட்டு அக்காவும்

வணக்கம் அம்மா.

போன சனிக்கிழமை நீங்களும் வீட்டுக்காரரும் செல்லூரிலிருந்து வந்து, பாப்பாவை ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று, மதுரையில் படிப்புக்கும் வேலைக்கும் ஆலோசனை சொல்கிற என்னிடம் முக்கால் மணி நேரம் பேசினீர்கள். கிளம்பும்போது, "சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க, அதையே செஞ்சுருவோம்" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தை அன்று எனக்கு வரவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நீங்கள் கேட்ட இன்னொரு கேள்விதான் காரணம். "எங்க தெருவுல ஒரு வீட்டுப் பிள்ளைகூட அந்தக் கார்ப்பரேஷன் ஸ்கூலுக்குப் போகல. இவ மட்டும் போனா தனியா நின்னுருவாளே சார்?" அதுவரை ஃபீஸ், சிலபஸ் என்று பேசியதெல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றி வந்ததுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் கணக்கு வழக்கை முடித்துவிடுவோம். பாப்பா ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். இப்போது படிக்கிற நர்சரி பள்ளியில் ஐந்தோடு சரி. வேனில் நாற்பது நிமிடம் போக வேண்டிய மெட்ரிக் பள்ளி ஒன்று, பத்து நிமிட நடையில் மாநகராட்சிப் பெண்கள் பள்ளி ஒன்று, ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்று. இந்த மூன்றில்தான் உங்கள் வீட்டில் சண்டை.

நீங்கள் வந்திருப்பது சரியான நேரத்தில். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான முக்கியச் சலுகைகளை ஆறாம் வகுப்பிலிருந்துதான் எண்ணுகிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டப் படிப்புகளுக்கு 2021-இல் வந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, உசிலம்பட்டி பக்கம் இருக்கிற கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாமே இதில் அரசுப் பள்ளிதான். உதவி பெறும் பள்ளி இதில் சேராது. இது தெரியாமல் பிளஸ் டூ முடித்துவிட்டு என்னிடம் வந்து நிற்கிறவர்கள் வருடத்துக்கு நாலைந்து பேராவது உண்டு. ஆனால் 2022-இல் அரசுப் பள்ளிப் பெண்களுக்கென்று தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், பிறகு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் நீட்டிக்கப்பட்டது.

இதைச் சொன்னதும் உங்கள் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். மருத்துவத்துக்கு நீட் எழுதித்தான் ஆக வேண்டும் என்று அவரிடம் இன்னொரு தடவை சொல்லுங்கள். ஒதுக்கீட்டுக்காக மட்டும் ஒரு பள்ளியில் சேர்ப்பது, எப்போதோ விழப்போகிற சீட்டுப் பணத்தை நம்பி இன்றே நகைக்கடையில் உட்காருவது மாதிரி. பாடத்தைப் பற்றிய பயமும் தேவையில்லை. 2011-இல் சமச்சீர் கல்வி முழுதாக வந்ததிலிருந்து மெட்ரிக் பிள்ளைக்கும் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைக்கும் ஒரே புத்தகம், ஒரே பத்தாம் வகுப்புப் பரீட்சை. உங்கள் ஓரகத்தி பிள்ளைகள் படிக்கிற சிபிஎஸ்இ வேறு வண்டி, அதை இதோடு ஒப்பிடாதீர்கள்.

சரி, தெருவுக்கு வருவோம்.

காலை 7.20 மணிக்கு எங்கள் பீபீகுளம் தெரு முனையில் நின்று பாருங்கள். ஒரு மஞ்சள் வேன் வரும். அது போவதற்குள் இன்னொன்று பின்னால் நின்று ஹார்ன் அடிக்கும். கதவு திறந்து முதலில் பை வெளியே வரும், பிறகு பிள்ளை வரும், அதன் வாயில் பாதி இட்லி இருக்கும். எட்டு மணிக்குத் தெருவில் பிள்ளை வாடையே இருக்காது. அடுத்தடுத்த வீட்டில் இரண்டு பையன்கள், இரண்டு பேரும் ஏழாம் வகுப்புதான். இவனுக்குக் காலாண்டு லீவு விட்டால் அவனுக்குப் பரீட்சை. அவனுக்குச் சனிக்கிழமை ஓய்வென்றால் இவனுக்கு ஸ்பெஷல் கிளாஸ். நாலு பேர் சேர்ந்தால் போதும் என்கிற தெருக் கிரிக்கெட்டுக்கே ஆள் சேர்வதில்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்டுவிட்டு ராத்திரியில் கும்மி பழகுவார்களே, போன வருடம் அதில் நின்றது முக்கால்வாசி கல்யாணமான பெண்கள்தான். சின்னப் பிள்ளைகள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் டெஸ்ட் என்று உள்ளே போய்விட்டார்கள்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த வேனில் என் மகனையும்தான் பதினான்கு வருடம் ஏற்றிவிட்டேன்.

அதன் விலை எனக்குத் தெரிந்தது என் அப்பா இறந்த அன்று. விடிகாலை நான்கு மணி. நான் உறவுகளுக்குப் போன் செய்துகொண்டிருந்தேன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகனிடம், "போய் பெஞ்சு, சேர் கேட்டு வாடா" என்றேன். அவன் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "யாருகிட்டப்பா கேக்கணும்?" என்றான். பிறந்ததிலிருந்து அதே தெருவில் இருக்கிறான். மூன்றாவது வீட்டு மாமாவின் பெயர் தெரியாது, அவரிடம் வாடகைச் சேர் இருப்பதும் தெரியாது. மாநகராட்சிப் பள்ளியில் படித்த இரண்டு பையன்கள் அவர்களாகவே வந்து பந்தல் கட்டினார்கள். என் மகன் தண்ணீர்ப் பாட்டிலை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றான். பையன் மேல் தப்பில்லை. அவனுடைய சிநேகிதர்கள் திருமங்கலத்திலும் திருநகரிலும் ஒத்தக்கடையிலும் இருந்தார்கள். அந்தப் பழக்கம் காலையில் வேனில் ஏறினால் தொடங்கும், சாயங்காலம் இறங்கினால் முடியும்.

இதற்கும் வேலைவாய்ப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். இருபது வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது இதுதான்: என்ன படிக்கலாம் என்பதைப் பிள்ளைகள் என்னைப் போன்ற ஆளிடம் தெரிந்துகொள்வது குறைவு, எதிர்வீட்டு அக்காவிடம் தெரிந்துகொள்வதுதான் அதிகம். போன மே மாதம் வில்லாபுரத்திலிருந்து மாநகராட்சிப் பள்ளிப் பெண் ஒருத்தி வந்தாள். அப்பா கொத்தனார். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் சேர எப்போது விண்ணப்பிக்க வேண்டும், அது கிடைக்காவிட்டால் ஐந்து வருடச் சட்டப் படிப்புக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டாள். எனக்கே ஆச்சரியம். "எங்க ஸ்கூல் அக்கா ஒருத்தங்க அங்கதான் படிக்கிறாங்க சார், எங்க தெருதான். அவங்க கைடெல்லாம் எனக்குத்தான் குடுத்தாங்க" என்றாள். அதே வாரம் கே.புதூரிலிருந்து ஒரு பையன் வந்தான், வருடத்துக்கு லட்சத்துக்கு மேல் கட்டுகிற பள்ளி. அவனுக்குத் தெரிந்தது டாக்டர், இன்ஜினியர், ஐ.டி. என்று மூன்றே வேலை. மெஷின் என்றால் உயிர் என்றான். அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, தினமும் அதைத் தாண்டித்தான் வேன் போகிறது. உள்ளே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அவனுக்குச் சொல்ல அந்தத் தெருவில் ஒரு அண்ணன் இல்லை. இருந்திருந்தாலும் இவனுக்கு அவனைத் தெரிந்திருக்காது.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும், பணக்காரர் ஏழை என்றில்லாமல், அந்தப் பகுதிப் பள்ளியிலேயே படிக்க வேண்டும் என்று 1964 முதல் 66 வரை இயங்கிய கோத்தாரி கல்விக்குழு சொல்லியிருக்கிறது. புத்தகத்தில் இருக்கிறது. நாம்தான் வேனுக்குப் பணம் கட்டிவிட்டோம்.

இன்னொன்றும் நடக்கிறது. எதிர்த்துக் கேட்கத் தெரிந்த அம்மா அப்பாக்கள் முதலில் வெளியே போய்விடுகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதி பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது 2009-ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம். அந்தக் கூட்டத்துக்குப் போனால் பூக்கட்டுகிற அம்மா, வீட்டு வேலைக்குப் போகிற அம்மா, அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று கவுன்சிலரிடம் போய்ச் சத்தம் போட அவர்களுக்கு நேரமும் இல்லை, துணையும் இல்லை. நீங்கள் ரேஷன் கடையில் சண்டை போட்டு எடை போடவைத்த கதையைச் சொன்னீர்களே, அந்த வாய்க்கு அங்கே வேலை இருக்கிறது.

அதற்காக அரசுப் பள்ளி என்றால் எல்லோரும் கலந்து பழகுகிற சொர்க்கம் என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். தெருவே சாதியாகப் பிரிந்திருந்தால் தெருப் பள்ளியும் அப்படித்தான் இருக்கும். 2023-இல் நாங்குநேரியில் பட்டியலினத்து மாணவனைப் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகுதான் பள்ளிகளில் சாதிப் பிரச்சினையைப் பார்க்க நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவே போட்டார்கள். தனியார் பள்ளி பணத்தை வைத்துப் பிரிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் "அங்கே சேர்க்கை சரியில்லை" என்று உங்கள் மாமியார் சொன்னார்கள் என்றீர்களே, அந்தச் சேர்க்கை என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று வீட்டில் ஒரு தடவை நிதானமாகப் பேசிப் பாருங்கள். மூத்த மகன் பிள்ளைகள் டை கட்டிப் போகும்போது இவள் மட்டும் "சாப்பாடு போடுற ஸ்கூலுக்கா" என்றும் கேட்டார்களாம். காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பரில் தொடங்கியதே நம் நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அப்புறம், மதுரையில் மாநகராட்சிப் பெண்கள் பள்ளிகளுக்கு வெள்ளிவீதியார், காக்கைப்பாடினியார், பொன்முடியார், ஔவை என்று சங்கப் புலவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். மாமியாரிடம் இதைச் சொன்னால் ஒன்றும் மாறாது, ஆனாலும் எனக்கு அந்தப் பெயர்கள் பிடிக்கும்.

ஊர்ப் பள்ளியைத் தன் வீடு மாதிரி நினைக்கிறவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். யா.கொடிக்குளத்தில் ஆயி என்ற பூரணம் அம்மாள், இறந்துபோன தன் மகள் ஜனனியின் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை ஊர் நடுநிலைப் பள்ளிக்கு எழுதிக்கொடுத்தார்; அது உயர்நிலைப் பள்ளியாக வேண்டும் என்பதற்காக. அவர் ஒரு வங்கி ஊழியர். 2024 ஜனவரியில் ஊரே பேசியது.

இப்போது என் யோசனை. நடக்கிற தூரத்திலிருக்கிற மாநகராட்சிப் பள்ளியை முதலில் பாருங்கள். திறப்பு நாளில் போகாதீர்கள், சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை போங்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா, எத்தனை நாளாக இருக்கிறார்கள் என்று தலைமை ஆசிரியையிடமே கேளுங்கள். கழிப்பறையைப் பாருங்கள். பள்ளி விடுகிற நேரத்தில் வாசலில் கால் மணி நேரம் நில்லுங்கள், பிள்ளைகள் எப்படிப் பேசிக்கொண்டு வருகிறார்கள் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். கணக்கு ஆசிரியர் இடம் வருடக்கணக்கில் காலி என்றால் யோசிக்க வேண்டாம், உதவி பெறும் பள்ளிக்குப் போய்விடுங்கள். தெரு நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக உங்கள் பிள்ளை கணக்குத் தெரியாமல் வளர வேண்டியதில்லை.

தனியாக நிற்பாள் என்ற பயத்துக்கு என்னிடம் ஒரே மருந்துதான் இருக்கிறது. உங்கள் தெருவிலும் பின் தெருவிலும் இந்த வருடம் ஐந்து முடிக்கிற பெண் பிள்ளைகள் இன்னும் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். அவர்கள் வீட்டிலும் இதே ஃபீஸ் சண்டை ஓடிக்கொண்டிருக்கும், வெளியே சொல்லமாட்டார்கள். நீங்கள் முதலில் பேச்சை எடுங்கள். பள்ளியைப் பார்க்கப் போகும்போது அந்த அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று பேர் சேர்ந்து நடந்து போனால் அதில் யாரும் தனி இல்லை, நாலாவது வீடு தானாகக் கேட்கும். ஐந்தாறு வருடம் கழித்து அந்தத் தெருவுக்கு எதிர்வீட்டு அக்காவாக உங்கள் பாப்பாவே இருப்பாள்.

எல்லாம் பார்த்துவிட்டு மெட்ரிக்தான் என்று முடிவெடுத்தாலும் என்னிடம் சங்கடப்பட வேண்டாம். ஆனால் கட்டணம் உங்கள் லேத் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் வேண்டாம் என்பேன். ஒன்பதாம் வகுப்பில் பணம் கட்ட முடியாமல் பள்ளி மாற்றுவது பிள்ளைக்குப் பெரிய அடி. சாயங்காலம் ட்யூஷன் போடுவதாக இருந்தால் தெருவிலேயே இருக்கிற டீச்சரிடம் போடுங்கள், அங்கேயாவது நாலு வீட்டுப் பிள்ளைகளோடு உட்காரட்டும்.

டி.சி. விஷயம் கேட்டீர்கள். மூன்றாம் டெர்ம் பாக்கியைக் காட்டி இழுத்தடித்தாலும் பயப்படாதீர்கள். எட்டாம் வகுப்பு வரைக்கும் டி.சி. வரத் தாமதமாகிறது என்று காரணம் சொல்லி அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. இப்போது படிக்கிற பள்ளியில் எமிஸ் நம்பரை, அதாவது கல்வித்துறைப் பதிவில் பாப்பாவுக்கு இருக்கிற அடையாள எண்ணை மட்டும் எழுதி வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு வாருங்கள். இந்தத் தடவை பாப்பாவையும் கூட்டி வாருங்கள், அவளிடம் நாம் யாரும் இன்னும் எதுவும் கேட்கவில்லை.