தெருவையே அடைக்கச் சொல்கிறீர்கள்

கேள்வி: ஆபாசம், திருட்டு சினிமா, பொய்ச் செய்தி எல்லாமே நெட் கம்பெனிகளின் கேபிள் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. பத்தாவது படிக்கும் மகனை வைத்துக்கொண்டு பயமாக இருக்கிறது. மாதாமாதம் காசு வாங்குகிறவர்களே வடிகட்டி அனுப்பினால் என்ன? குழாயில் சாக்கடை வந்தால் குடிநீர் வாரியத்தைத்தானே கேட்கிறோம்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: எந்தத் தண்ணீரை எடுப்பது, எவ்வளவு குளோரின் போடுவது என்பதெல்லாம் வாரியத்தின் முடிவு. நெட்டில் நீங்கள் கேட்டது வருகிறது, அவ்வளவுதான். போனில் நாத்தனாரைப் பற்றிப் பேசும்போது கம்பெனிக்காரர் குறுக்கே வந்து, “புறம் பேசாதீங்கம்மா” என்று லைனைத் துண்டித்தால் விடுவீர்களா?

வடிகட்டியும் பார்த்தாயிற்று. 2012-இல் ‘3’ படத்தின் (கொலவெறி பாட்டு வந்ததே, அதேதான்) திருட்டுப் பிரதிகளுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள். முகம் தெரியாத ஆசாமிகள் மீது வாங்கும் இந்த வகைத் தடைக்கு வக்கீல்கள் வைத்த பெயர் ‘அசோக்குமார் உத்தரவு’. பாவம், அசோக்குமார்கள்! மே மாதம் நெட் கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? விமியோ, டெய்லிமோஷன் என்ற வீடியோ தளங்களையே மொத்தமாக மூடின. விமியோ, குறும்படம் எடுக்கிறவர்கள் தங்கள் சொந்தப் படத்தைப் போட்டு வைக்கிற இடம். தடை குறிப்பிட்ட முகவரிக்கு மட்டும்தான், முழுத் தளத்துக்கு இல்லை என்று ஜூனில் நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது.

இன்றைக்கு நிலைமை இன்னும் மோசம். பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்யப்பட்டவை, அதாவது போகிற வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பப்படுபவை. கம்பெனிக்குத் தெரிவது தெருப் பெயர், அதாவது தளத்தின் பெயர் மட்டும்தான். கதவு எண், அதாவது எந்தப் பக்கம் என்பது தெரியாது. ஒரு வீட்டில் திருடன் என்றால் தெருவையே அடைப்பார்கள்.

அப்புறம், அவர்களுக்கும் கல்லாப்பெட்டி இருக்கிறது. 2014 டிசம்பரில், ஸ்கைப், வைபர் போன்ற இணைய அழைப்புச் செயலிகளில் பேசினால் தனிக்கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் பின்வாங்கியது. இணையத்தில் பேசினால் யாருடைய வருமானம் குறையும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்து டேட்டா கட்டணத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரியில் விதி போட்ட பிறகுதான், சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டம் இங்கே கடையைக் கட்டியது. இவர்களையா காவலுக்கு வைக்கச் சொல்கிறீர்கள்?

சட்டவிரோதமானதை முடக்க நீதிமன்றம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் அரசுக்கும் அதிகாரம் இருக்கிறது. அதிலேயே ஆயிரம் சண்டை, அது வேறு கதை. உங்கள் மகன் விஷயத்துக்கு, ஆண்ட்ராய்டு போன் என்றால், பிள்ளைகளின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுளின் ‘ஃபேமிலி லிங்க்’ செயலியைப் போடலாம். போடத் தெரியவில்லை என்று போனை அவனிடமே கொடுத்துவிடாதீர்கள்.