விண்டோஸ் புதிதாகப் போடும்போது 'இந்த டிஸ்க்கில் நிறுவ முடியாது' என்று வருவது ஏன்?

பெரும்பாலும் காரணம் இதுதான்: பென் டிரைவ் யுஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கும் புதிய முறை) முறையில் பூட் ஆகியிருக்கிறது. உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டது. யுஇஎஃப்ஐ-க்கு ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறை வேண்டும். டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

முதலில் படம், ஆவணங்களை வெளி டிஸ்க்கில் எடுத்து, வேறு கணினியில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு அதைக் கழற்றி வையுங்கள். இன்ஸ்டால் திரையில் ஷிஃப்ட், எஃப்10 சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும். அதில் டிஸ்க்பார்ட் (diskpart), லிஸ்ட் டிஸ்க் (list disk) என்று வரிசையாகத் தட்டி, ஒவ்வொன்றுக்கும் என்டர் கொடுங்கள். பட்டியலில் பென் டிரைவும் இருக்கும். ஜிபி அளவை வைத்துச் சரியான எண்ணைக் கண்டுபிடியுங்கள். அது 0 என்றால் செலக்ட் டிஸ்க் 0 (select disk 0), கிளீன் (clean), கன்வர்ட் ஜிபிடி (convert gpt) என்று கொடுங்கள். கவனம்: கிளீன் கொடுத்தால் 'நிச்சயமா?' என்றெல்லாம் கேட்காது, உடனே அழித்துவிடும். பிறகு கறுப்புத் திரையை மூடி, இன்ஸ்டால் திரையில் ரிஃப்ரெஷ் செய்து, காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுத்தால் போதும்.

டிஸ்க்கை விற்கப் போகிறீர்கள் என்றால் வெறும் கிளீன் பற்றாது. அது டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணையை மட்டுமே அழிக்கும். மீட்பு மென்பொருள் கோப்புகளைத் தோண்டி எடுத்துவிடும். கிளீன் ஆல் (clean all) கொடுங்கள், டிஸ்க் முழுக்கச் சுழியம் எழுதும், மணிக்கணக்கில் ஆகும். எஸ்எஸ்டி-யானால் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) செக்யூர் இரேஸ் என்ற முழு அழிப்பு வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

நிறுவும்போது விண்டோஸ் கீ (உரிம எண்) கேட்டால் தவிர்த்துவிடலாம். முன்பு ஆக்டிவேட் ஆகியிருந்த அதே ஹோம் அல்லது ப்ரோ பதிப்பைப் போட்டால், இணையம் கிடைத்ததும் பெரும்பாலும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும்.